கொப்பளித்தால் மட்டும் முரசு பிழைக்குமா?

சாட்டிக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, விடுமுறை நாட்களில் யாழ்ப்பாணத்தார் வானிலும் பஸ்ஸிலும் குடும்பத்தோடு வந்திறங்கும் வெண்மணல் கடற்கரை. மற்றது தண்ணீர். யாழ்ப்பாணத் தீவகத்தின் பல கிணறுகள் உவர்ப்பேறிக் கிடக்க, வேலணைத் தீவின் இந்த மூலையில் மணலுக்கடியில் மழைநீர் தங்கி நன்னீராக நிற்கிறது. பவுசர்களில் ஏறி அயல் ஊர்களின் தாகத்தைத் தீர்த்த தண்ணீர் அது.

கிணற்றடியில் நின்று பல் மினுக்கி, வாய் நிறையத் தண்ணீர் அள்ளிக் கொப்பளித்துத் துப்புவது இந்த ஊர்களின் காலைப் பழக்கம். அந்தக் கிணற்றடிக் கட்டுக்கு இப்போது நீல நிறத்திலும் பச்சை நிறத்திலும் போத்தல்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. சில யாழ்ப்பாண நகரத்துப் பாமசிகளில் வாங்கியவை. சில கனடாவிலும் பிரான்ஸிலும் சுவிஸிலும் இருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களின் பயணப் பைகளில் வந்தவை. மூடியில் ஊற்றி அரை நிமிடம் கொப்பளித்தால் வாய் குளிர்ந்து மணக்கிறது. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது. "இதால கொப்பளிச்சால் முரசில ரத்தம் வாறது நிக்குமோ? நூல் போட்டு இடுக்கு இடுக்காய்த் துப்பரவாக்கிற வேலை மிச்சமோ?"

நிற்காது, மிச்சமும் இல்லை என்பதுதான் பல் மருத்துவம் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லிவரும் பதில். மவுத்வொஷ் நல்ல துணையாள். பிறஷ்ஷும் பல்லிடுக்கு நூலும் செய்கிற வேலையை அதால் செய்ய முடியாது. இந்தப் பதிலுக்கு அடித்தளமான மிகப் பெரிய சான்றுகளில் ஒன்று, தீவகத்திலிருந்து ஒருநாள் பயணத் தொலைவில், இலங்கையின் மலையகத்தில் தமிழ்த் தொழிலாளரின் வாய்களிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை இங்கே பலர் அறிந்திருக்கவில்லை.

புண்டலோயாவில் 480 பேர்

1970ஆம் ஆண்டு. நுவரெலியா மாவட்டத்தின் புண்டலோயாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களுக்கு ஒரு பல் மருத்துவ ஆய்வுக் குழு வந்தது. தலைவர் நோர்வே நாட்டவரான பேராசிரியர் ஹெரால்ட் லோ. டன்சினன், ஹரோ தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண் தொழிலாளர்களின் வாய்களை அவர்கள் பரிசோதித்தார்கள். மிக இளையவர்களுக்கு 14, 15 வயது. பிறகு 1971, 1973, 1977, 1982, 1985 என்று 15 ஆண்டுகளுக்கு மீண்டும் மீண்டும் வந்து, அதே ஆட்களின் அதே பற்களை அளந்தார்கள்.

ஏன் இந்தத் தோட்டங்கள்? அந்தத் தொழிலாளர்களுக்குப் பிறஷ் பழக்கம் இல்லை. பல் நோயைத் தடுக்கும் திட்டம் எதுவும் அவர்களை எட்டியதில்லை. பல்லைச் சுத்தம் செய்து, கல்லாய் இறுகிய காறையை எடுத்துவிட வைத்தியரும் இல்லை. மனிதர் தலையிடாவிட்டால் முரசு நோய் எப்படி நடந்து போகும் என்பதைப் பார்க்க, அறிவியலுக்கு அப்படிப்பட்ட வாய்கள் வேண்டியிருந்தன. குடியுரிமையே மறுக்கப்பட்டு நின்ற ஒரு சமூகத்தின் புறக்கணிப்பு, உலகத்துக்கு ஆய்வுக்களமாயிற்று.

1986இல் வெளிவந்த முடிவுகள் இன்றும் உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கிற பாடம். எல்லோருடைய பற்களிலும் அழுக்குப் படலமும் காறையும் இருந்தன. கிட்டத்தட்ட எல்லோருடைய முரசும் அழன்று சிவந்திருந்தது. ஆனால் விளைவு ஒரே மாதிரி இருக்கவில்லை. 8 வீதத்தினருக்குப் பல்லைப் பிடித்திருக்கும் திசுவும் எலும்பும் வேகமாகக் கரைந்தன. 81 வீதத்தினருக்கு மெல்ல மெல்லக் கரைந்தன. மீதி 11 வீதத்தினருக்கு முரசு அழற்சியோடு நின்றுவிட்டது. 35 வயதில் முதல் பிரிவினர் சராசரியாக 9 மில்லிமீற்றர் அளவு பற்பிடிப்பை இழந்திருந்தார்கள். இரண்டாம் பிரிவினர் 4 மில்லிமீற்றர். மூன்றாம் பிரிவினருக்கு இழப்பு 1 மில்லிமீற்றரைத் தொடவில்லை.

இன்னொரு செய்தி வாசகரை நிமிர்ந்து உட்காரவைக்கும். இந்தத் தொழிலாளர்களின் பற்களில் சூத்தை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வெளிப்பார்வைக்குத் திடமான பற்கள். வலி இல்லை, ஓட்டை இல்லை. அப்படிப்பட்ட பற்களைத்தான் முரசு நோய் வேரிலிருந்து தளர்த்திக்கொண்டிருந்தது. சூத்தை வலித்துக் கூப்பிடும். முரசு நோய் பெரும்பாலும் வலிக்காது. பல் ஆடும்போதுதான் ஆள் திடுக்கிடுகிறார்.

இதே குழு நோர்வேயின் ஒஸ்லோவிலும் ஒப்பீட்டுக்காகப் படித்த ஆண்களை அளந்து வந்தது. சிறுவயதிலிருந்தே பல் பராமரிப்புக் கிடைத்தவர்கள் அவர்கள். 40 வயதை நெருங்கும்போது அவர்களின் சராசரி இழப்பு 1.5 மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டியிருந்தது. புண்டலோயாவில் அது 4.5 மில்லிமீற்றர். இரு இடங்களுக்கும் நடுவே வேறுபாடுகள் பல. ஆனாலும் இந்த மூன்று மடங்கு இடைவெளியில் பெரும்பங்கு தினசரிச் சுத்தத்துக்கும் காலத்தோடு கிடைத்த பராமரிப்புக்கும் உரியது.

கதை 1985இல் முடியவில்லை. 2010இல் ஆய்வாளர்கள் திரும்பி வந்து, அந்த 480 பேரில் 75 பேரை மறுபடி பரிசோதித்தார்கள். 40 ஆண்டுகளில் அவர்கள் சராசரியாக 13 பற்களை இழந்திருந்தார்கள். ஒரு பல்லும் எஞ்சாதவர்களும் இருந்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வு ஓர் எண்ணை முன்வைத்தது: 30 வயதில் பற்பிடிப்பு இழப்பு 1.81 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு, 60 வயதில் குறைந்தது 20 பற்களாவது வாயில் எஞ்சின. அறுபதில் முறுக்குக் கடிப்பதா, கஞ்சி குடிப்பதா என்பது முப்பதிலேயே பெருமளவு முடிவாகிவிடுகிறது.

மூன்று வாரத்தில் வீங்கும், ஒரு வாரத்தில் ஆறும்

முரசு ஏன் அழல்கிறது என்பதை லோவின் குழு அதற்கு முன்பே காட்டியிருந்தது. 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில், ஆரோக்கியமான முரசு கொண்ட 12 பேரிடம் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். 10 நாள் முதல் 21 நாளுக்குள் 12 பேருக்கும் முரசு அழற்சி வந்தது. பிறகு துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் எல்லோருக்கும் மாறியது.

இந்தச் சிறிய பரிசோதனை ஒரு பெரிய உண்மையை நிலைநாட்டியது. முரசில் இரத்தம் வருவதற்கு முதல் காரணம் பல்லின் ஓரத்தில் தேங்கும் படலம். அதை எடுத்தால் முரசு ஆறும். "எங்கட பரம்பரைக்கே பல்லு நிக்காது" என்று கைவிடத் தேவையில்லை. பரம்பரைக்கும் பங்கு உண்டுதான், நோய் ஆளுக்கு ஆள் வேறுபடுவதைப் புண்டலோயாவின் மூன்று பிரிவுகளும் காட்டுகின்றன. ஆனால் தான் எந்தப் பிரிவில் பிறந்தவர் என்பது இருபது வயதில் எவருக்கும் தெரியாது. படலத்தை எடுப்பது மட்டும் எல்லோருடைய கையிலும் இருக்கிறது.

ஆரம்ப அழற்சி முழுதாக மாறக்கூடியது. அதைக் கவனிக்காமல் விட்டால் பல்லுக்கும் முரசுக்கும் இடையிலுள்ள சிறு பள்ளம் ஆழமாகிப் பையாகிறது. அதன் அடியில் எலும்பு கரைகிறது. கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது.

திரவம் எட்டாத இடம்

பல்லில் படியும் படலம் வெறும் உணவுத் துணுக்கு அல்ல. கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் தமக்குள் ஒட்டும் பசையைச் சுரந்து, அடுக்கடுக்காகக் கட்டிய குடியிருப்பு அது. மேலடுக்கில் ஊற்றிய மருந்து அடியடுக்கை எட்டுவது கடினம்.

இதை முதலில் கண்டவர் பல் மருத்துவரே அல்ல. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி அன்டனி வான் லீவன்ஹுக், தானே செய்த நுணுக்குக்காட்டியில் தன் பல் இடுக்கிலிருந்து எடுத்த வெண்படலத்தைப் பார்த்து, அதில் உயிர்கள் நீந்துவதை 1683இல் இலண்டன் றோயல் சங்கத்துக்கு எழுதினார். 1680களிலேயே அவர் வினாகிரியால் வாய் கொப்பளித்தும் பார்த்தார். படலத்தை வெளியே எடுத்து வினாகிரியில் கலந்தால் அந்த உயிர்கள் இறந்தன. வாய்க்குள் பல்லில் ஒட்டியிருந்தபோது கொப்பளித்தால் உள்ளே இருந்தவை பிழைத்தன. வினாகிரி படலத்தை ஊடுருவவில்லை என்று அவர் முடிவுகட்டினார். மவுத்வொஷ் பற்றிய இன்றைய விவாதத்தின் சாரம் 340 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த ஒரு பரிசோதனையிலேயே இருக்கிறது.

தீவகக் கடற்றொழிலாளர்களுக்கு இது புதிதல்ல. வள்ளத்தின் அடியில் பிடிக்கும் பாசியையும் சிப்பியையும், நாள் முழுதும் அதன் மேல் அலசி ஓடும் கடல்நீர் எடுப்பதில்லை. கரையேற்றிச் சுரண்டத்தான் வேண்டும்.

படலம் இறுகினால் காறை. உமிழ்நீரில் இயல்பாக உள்ள கல்சியமும் பொஸ்பேற்றும் படலத்தில் படிந்து, சில நாட்களிலேயே அதைக் கல்லாக்கத் தொடங்குகின்றன. கீழ்த்தாடை முன்பற்களின் உட்புறத்தில் காறை அதிகம் கட்டுவதற்குக் காரணம், உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அவ்விடத்தில் திறப்பதுதான். கிணற்றுத் தண்ணீரைக் குறைசொல்கிறவர்கள் நிறையப் பேர். காறைக்கு வேண்டிய கனிமங்கள் அவரவர் உமிழ்நீரிலேயே இருக்கின்றன. கட்டிய காறையை எந்தப் பிறஷ்ஷும், எந்த மவுத்வொஷ்ஷும் கரைக்காது. பல் வைத்தியர் கருவி கொண்டு எடுக்க வேண்டும்.

போத்தலுக்குள் என்ன?

அப்படியென்றால் மவுத்வொஷ் வீணா? இல்லை. எந்தப் போத்தல், யாருக்கு, எத்தனை நாள் என்பதைத் தெரிந்து வாங்கினால் பயன் உண்டு. கடைத் தட்டில் ஒரே வரிசையில் நிற்பவை ஒரே வேலையைச் செய்பவை அல்ல.

முதல் வகை வாய்க்கு மணமூட்டுபவை. ஒரு மணிநேரம் வாய் நாற்றத்தை மறைக்கும், அவ்வளவுதான். வாய் நாற்றத்துக்கே முரசு நோய் காரணமாக இருந்தால், நோயை மறைத்து நாளைக் கடத்தவும் இவை துணைபோகும்.

இரண்டாவது புளோரைட் கலந்தவை. சூத்தையைத் தடுக்க உதவுபவை. முரசுக்காக வாங்கும் பொருளல்ல.

மூன்றாவது தைமோல், யூக்கலிப்டஸ், மென்தோல் போன்ற வாசனை எண்ணெய்ச் சத்துகள் கொண்டவை. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் 1879இல் பிறந்த லிஸ்டரின் இவற்றில் மூத்தது. அறுவைச் சிகிச்சையில் கிருமிநீக்கத்தைப் புகுத்திய ஜோசப் லிஸ்டரின் பெயரால் அழைக்கப்பட்டது. பிறஷ் செய்வதோடு சேர்த்துப் பாவித்தால் படலத்தையும் முரசு அழற்சியையும் ஓரளவு குறைக்கும் என்பதற்கு இவ்வகைக்குச் சான்று உண்டு. பழைய லிஸ்டரினில் மதுசாரம் ஏறத்தாழ 27 வீதம். வாய் உலர்வு உள்ளவர்களும் வாய்ப்புண் உள்ளவர்களும் மதுசாரமற்றதைத் தெரிவது நல்லது. சீற்றைல்பிரிடினியம் கலந்த மவுத்வொஷ்களும் இதே போல் மிதமான பலன் தருபவை.

நான்காவது குளோர்ஹெக்சிடின். வைத்தியர்கள் எழுதிக்கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான். 1970இல் லோவும் அவருடைய சகாவும், 0.2 வீதக் குளோர்ஹெக்சிடினில் 10 மில்லிலீற்றர் எடுத்து நாளுக்கு இருமுறை கொப்பளித்தால், பல் துலக்காத நிலையிலும் படலம் உருவாவதைத் தடுக்கலாம் என்று காட்டினார்கள். இதைக் கேட்டதும் "அப்ப பிறஷ் தேவையில்லையே" என்று தோன்றும். அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களின் பற்கள் முதலில் நன்றாகத் துப்பரவாக்கப்பட்டிருந்தன. வெறும் பல்லில் புதிய படலம் கட்டுவதைத்தான் மருந்து தடுத்தது. ஏற்கெனவே காறை கட்டிய வாயில் அது அதே பலனைத் தராது.

மருத்துவச் சான்றுகளைச் சீர்தூக்கும் கொக்ரேன் அமைப்பு 51 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியிட்ட மதிப்பாய்வு, பிறஷ்ஷோடு சேர்த்துக் குளோர்ஹெக்சிடின் பாவித்தால் படலம் கணிசமாகக் குறைகிறது என்றது. இலேசான முரசு அழற்சி உள்ளவர்களிடம் அழற்சியும் சற்றுக் குறைகிறது. கடுமையான நோய்க்கு அது உதவும் என்று சொல்லச் சான்று போதவில்லை. நான்கு வாரத்துக்கு மேல் பாவித்தால் பற்களிலும் நாக்கிலும் கபில நிறக் கறை படிகிறது. சாப்பாட்டின் சுவையும் மாறித் தெரியலாம். அதனால்தான் வைத்தியர்கள் அதை வழமையாக இரண்டு வாரம் அளவிலேயே நிறுத்தச் சொல்கிறார்கள். பல் பிடுங்கிய பின், முரசில் சிகிச்சை செய்த பின், கையால் துலக்க முடியாத நோயாளிக்கு, தாடை முறிந்து கம்பி கட்டியவருக்கு இது பெரிய உதவி. ஆண்டு முழுவதும் கிணற்றடியில் வைத்துப் பாவிக்கும் பொருளல்ல.

வீட்டு முறைகளுக்கும் இதே அளவுகோல்தான். ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு இட்டுக் கொப்பளிப்பது அழன்ற முரசுக்கு இதமளிக்கும். நல்லெண்ணெய் கொப்பளிப்பது படலத்தைச் சற்றுக் குறைக்கலாம் என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன, உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அவை பலமானவை அல்ல. இரண்டும் பல் இடுக்குக்குள் போய்ப் படலத்தைப் பெயர்ப்பதில்லை. கரியும் செங்கல் தூளும் பெயர்க்கும்தான். கூடவே பல்லின் மேற்பரப்பையும் முரசின் ஓரத்தையும் தேய்த்துவிடும்.

நீதிமன்றம் ஏறிய நூல்

நூலுக்கு மாற்றாகப் போத்தலை நிறுத்தலாமா என்ற கேள்வி நியூயோர்க் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. லிஸ்டரினை அப்போது விற்ற ஃபைசர் நிறுவனம், பல் இடுக்கில் நூல் போடுவதற்கு ஈடான பலனை லிஸ்டரின் தருகிறது என்று விளம்பரம் செய்தது. பல்லிடுக்கு நூல் விற்கும் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் குழும நிறுவனமான மக்னீல் வழக்குத் தொடுத்தது. 2005 ஜனவரியில் நீதிபதி டெனி சின், அந்த விளம்பரம் பொய்யானது, மக்களைத் தவறாக வழிநடத்துவது என்று தீர்ப்பளித்து நிறுத்தினார்.

ஃபைசர் ஆய்வுகளைக் காட்டித்தான் வாதாடியது. நூல் கொடுக்கப்பட்டவர்கள் அதை ஒழுங்காகப் போட்டார்களா என்பதில் அந்த ஆய்வுகள் தடுக்கி விழுந்தன. மாதக் கணக்கில் நூல் போட்டதாகச் சொன்னவர்களின் பல் இடுக்குகளில் படலம் மிகக் கொஞ்சமே குறைந்திருந்தது. ஒழுங்காகப் போடாத நூலோடு ஒப்பிட்டு, மவுத்வொஷ் அதற்குச் சமம் என்றால் அது வெற்றியாகாது. கடுமையான முரசு நோய் உள்ளவர்களையும் அந்த ஆய்வுகள் சேர்த்திருக்கவில்லை.

நூலின் பக்கத்திலும் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2016இல் அமெரிக்கச் செய்தி நிறுவனமான ஏபி, பல்லிடுக்கு நூலுக்கு வலுவான சான்று இல்லை என்று எழுதியபோது உலகெங்கும் அது தலைப்புச் செய்தியானது. "அப்ப நூலும் பொய்தானே" என்று பலர் கைவிட்டார்கள். 2019இல் வந்த கொக்ரேன் மதிப்பாய்வு 35 ஆய்வுகளைச் சீர்தூக்கி, பிறஷ்ஷோடு நூலோ பல்லிடைப் பிறஷ்ஷோ சேர்த்தால் முரசு அழற்சி பிறஷ் மட்டும் பாவிப்பதைவிடக் குறையலாம் என்றது. சான்றின் உறுதி குறைவு என்பதையும் சொன்னது. நூல் போடுவது கைப்பழக்கம். பழகாதவர் கையில் அது பலன் தராது. இடுக்கு அகன்றவர்களுக்குச் சிறு குச்சித் தூரிகை போன்ற பல்லிடைப் பிறஷ் பெரும்பாலும் நூலைவிட எளிது, பலனும் கூட.

வெற்றிலை, சுருட்டு, சீனி வருத்தம்

புண்டலோயாவுக்கும் சாட்டிக்கும் பொதுவான ஒன்று உண்டு. வெற்றிலைத் தட்டு. தீவகத்தில் அதனோடு புகையிலையும் சேர்கிறது. யாழ்ப்பாணப் புகையிலை ஒரு காலத்தில் கடல் கடந்து திருவிதாங்கூர் வரை போன பண்டம். வேலணை, புங்குடுதீவு வியாபாரிகள் தென்னிலங்கை ஊர்களில் சுருட்டுக் கடை வைத்து உழைத்த உழைப்பில்தான் இங்கே எத்தனையோ கல்வீடுகள் எழும்பின. அந்த உழைப்பை மதிக்கலாம். அந்த இலை முரசுக்குச் செய்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

புகைப்பவரின் முரசு ஏமாற்றும். நிக்கொட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் வெளியே இரத்தம் குறைவாகவே வரும். "எனக்கு ரத்தமே வாறேல்ல, முரசு நல்லாத்தான் இருக்கு" என்று நம்பியிருப்பவருக்குப் பல் ஆடத் தொடங்கும்போதுதான் தெரியவரும். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்திவிட்டது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்று. மெல்லும் புகையிலைப் பொருட்களின் விற்பனையை இலங்கை 2016இல் தடைசெய்தது. வெற்றிலை போட்டபின் மவுத்வொஷ்ஷால் கொப்பளித்தால் கறையும் மணமும் போகலாம். ஆபத்து போகாது.

அடுத்தது சீனி வருத்தம். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் முரசு நோய் முற்றும். முரசு நோய் முற்றினால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். 2022இல் வந்த இன்னொரு கொக்ரேன் மதிப்பாய்வு, நீரிழிவு உள்ளவர்களின் முரசு நோய்க்குச் சிகிச்சை அளித்தபோது, மூன்று மாத இரத்தச் சீனிச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 0.43 புள்ளி குறைந்ததைக் கண்டது. ஒரு வில்லை கூடுதலாகச் சேர்ப்பதால் கிடைக்கும் பலனுக்கு அண்மித்த அளவு அது. ஆகவே சீனி கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது முரசையும் காட்ட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் ஓமோன் மாற்றத்தால் முரசு எளிதில் வீங்கும். கர்ப்ப காலத்தில் பல் பரிசோதனையும் காறை எடுத்தலும் பாதுகாப்பானவை.

கடல் கடக்க வேண்டிய நோயாளி

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வாய்ச் சுகாதார அறிக்கையின்படி, கடுமையான முரசு நோய் உலகில் 100 கோடிக்கு மேற்பட்டவர்களைப் பிடித்திருக்கிறது. வசதி குறைந்தவர்களையும் வைத்தியசாலைக்குத் தொலைவில் உள்ளவர்களையும் அது அதிகம் தாக்குகிறது. தீவகத்தில் தொலைவு என்பது கடல்.

நெடுந்தீவில் ஒருவருக்குப் பல் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விசேட சிகிச்சைக்கு யாழ்ப்பாணம் வர வேண்டுமானால், குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரப் படகுப் பயணம். பிறகு புங்குடுதீவையும் வேலணையையும் பண்ணைத் தாம்போதியையும் கடந்து பஸ். கச்சான் காற்றில் கடல் கொந்தளித்தால் பயணமே இல்லை. முரசுச் சிகிச்சை ஒருநாளில் முடிவதும் அல்ல. காறை எடுக்க ஒருமுறை, ஆறியதா என்று பார்க்க ஒருமுறை, ஆழமான பைகளைச் சுத்தம் செய்ய மேலும் சிலமுறை. அந்த அலைச்சலை நினைத்து "பிடுங்கிவிடுங்கோ டொக்டர், ஒருநாளில முடிஞ்சிடும்" என்று கேட்பவரை யாரும் குறைசொல்ல முடியாது. காப்பாற்றக்கூடிய பற்கள் அப்படித்தான் போகின்றன.

அரச வைத்தியசாலைகளில் பல் சிகிச்சை இலவசம். இது இலங்கையின் பெரும் பலம். ஆனால் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு மக்களுக்கு இலவசம் என்பது படகு, பஸ், ஒருநாள் கூலி இழப்பு எல்லாம் போகத்தான் இலவசம். காறை எடுக்கும் கருவியோடு நடமாடும் பல் கிளினிக் ஒழுங்கான கால இடைவெளியில் தீவுகளுக்குப் போக வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. பல் பிடுங்க மட்டும் வந்து போகும் முகாம் போதாது.

காறை எடுப்பதைப் பற்றிய ஒரு பயத்தையும் இங்கேயே களைவோம். "சுத்தம் செய்தால் பல்லு ஆடும், இடைவெளி வரும்" என்று ஊரில் சொல்வார்கள். காறை இருந்த இடம் வெறுமையாவதாலும், வீங்கியிருந்த முரசு சுருங்குவதாலும் இடைவெளி தெரியும் என்பது உண்மை. அந்த இடைவெளியை உண்டாக்கியது நோய். சுத்தம் செய்தது அதை வெளியே காட்டியது. செய்யாமல் விட்டால் இழப்பு இன்னும் ஆழமாகும்.

நாளாந்தம் செய்ய வேண்டியவை

காலையிலும் படுக்கப் போகுமுன்னும் இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். இரவுத் துலக்கல் காலையைவிட முக்கியம். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் பற்றீரியாக்களுக்கு அது நல்ல வேளை. மென்மையான நார் கொண்ட பிறஷ், புளோரைட் பற்பசை. பிறஷ்ஷைப் பல்லும் முரசும் சந்திக்கும் கோட்டில் 45 பாகையில் சாய்த்து, சின்னச் சின்ன அசைவாகத் துலக்க வேண்டும். அழுத்தித் தேய்ப்பது முரசைத் தேய்க்கும். வேப்பங்குச்சி பாவிப்பவர்கள் நுனியை நன்றாக மென்று மென்மையாக்கி, முரசோரத்தில் மெதுவாகப் பாவிக்கலாம். புளோரைட் அதில் கிடைக்காது, இடுக்குக்குள்ளும் அது போகாது.

நாளுக்கு ஒருமுறை பல் இடுக்கைச் சுத்தம் செய்ய வேண்டும். ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் நூலை எடுத்து இரு நடுவிரல்களிலும் சுற்றி, இடுக்கில் மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லையும் வளைத்து அணைத்தபடி மேலும் கீழும் இழுக்க வேண்டும். முரசை அறுப்பது போல் வெடுக்கென்று இறக்கக் கூடாது. இடுக்கு அகன்றவர்கள் பொருத்தமான அளவுப் பல்லிடைப் பிறஷ்ஷை வைத்தியரிடம் கேட்டு வாங்கலாம். தையல் நூலும் ஊசியும் விளக்குமாற்று ஈர்க்கும் வேண்டாம்.

மவுத்வொஷ் இந்த இரண்டுக்கும் பிறகுதான். பல் துலக்கியவுடனே கொப்பளித்தால் பற்பசையின் புளோரைட் கழுவுண்டு போகும். ஆகவே மதிய உணவுக்குப் பின் போன்ற வேறொரு வேளையில் பாவிப்பது நல்லது. பாவித்தபின் அரைமணி நேரம் எதுவும் உண்ணவோ குடிக்கவோ வேண்டாம். 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது, விழுங்கிவிடுவார்கள். குளோர்ஹெக்சிடினை வைத்தியர் சொன்ன நாட்களுக்கு மேல் நீட்டக் கூடாது. பற்பசைக்கும் அதற்கும் இடையில் அரைமணி நேரமாவது விட வேண்டும். பற்பசையிலுள்ள நுரைப்பொருள் அதன் வலுவைக் குறைக்கும்.

முரசில் இரத்தம் வரும் இடத்தைத் தொடாமல் ஒதுக்கித் துலக்குவதுதான் பெரும்பாலோர் செய்கிற தவறு. அங்கேதான் படலம் இருக்கிறது, அங்கேதான் மென்மையாகவும் முழுமையாகவும் துலக்க வேண்டும். ஆர்ஹூஸ் மாணவர்களின் முரசு ஒரு வாரத்தில் ஆறியது. உங்கள் முரசு இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், அடியில் காறையோ வேறு காரணமோ இருக்கிறது என்று பொருள். முரசு இறங்கிப் பல் நீண்டு தெரிந்தாலும், பல் ஆடினாலும், வாயில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. அப்போது இன்னொரு போத்தல் வாங்கிக் காசைக் கரைக்காமல், அடுத்த கிளினிக் நாளிலேயே பல் வைத்தியரிடம் போங்கள். வீட்டில் நீரிழிவு உள்ள அம்மாவையோ அப்பாவையோ கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.